தையிலயா, கையிலயா?

குழு: நம்ம வூட்டு ஆளுங்க (பேரப் புள்ளைங்களுக்கு அப்பாவும் சித்தப்பாவும் அப்பிச்சி, அப்பாரு; அம்மாவும் அத்தையும் அமுச்சி)

திங்கள்

அப்பா (காலை 6:10): எல்லாருக்கும் வணக்கம். மதியம் 2 மணி வரைக்கும் கரண்டு இருக்காது, மாசாந்திர வேலையாம். தறியில பாவு நூல் பிணைக்கறவங்க இப்பவே பிணைச்சு வெச்சுக்கங்க. ராத்திரி மழ பேஞ்சு கொல்லையில முருங்க மரம் ஒடிஞ்சு கெடக்குது. கீரை வேணுங்கறவங்க வந்து அள்ளிக்கலாம்.

மணி சித்தப்பா (6:31): 🎤 குரல் பதிவு 1:52

அப்பா (6:33): 👍

செல்வி (9:32): குமாரு, கல்யாண வெசயமா மாப்ள வூட்டுல இருந்து பேசுனாங்களா?

குமார் (9:40): எங்க பேசறது, அக்கா? நேத்து சம்மந்தி மரியாதையா "தையில வெச்சுக்கலாமுங்களா"ன்னு கேட்டாரு. அதுக்கு நம்மப்பா "கையில எதுக்குங், பாங்குலயே போட்டுர்றோம்"னு சொல்லிப்போட்டாரு. சபையில இருபது பேரு. அவங்க என்னமோ ரொக்கம் கேட்ட மாதிரி ஆயிப்போச்சு. அந்தாளு மூஞ்சி சுண்டிப்போச்சு, காப்பியக் கூட பாதி வெச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

பிரவீன் (9:41): 😂😂

குமார் (9:41): பல்லைக் காட்டாத. போயிப் படி.

பவானி அத்தை (9:50): அண்ணனுக்கு வேணுங்கறது கேக்கும், வேண்டாங்கறது கேக்காது. சின்னதுல இருந்தே அப்படித்தான். பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெ காய்ச்சி ரெண்டு சொட்டு உடுங்க, அடைப்பு எடுத்துரும்.

குமார் (9:52): நான் அங்கயே ஒரு சத்தம் போட்டேன், அதுல இருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்காரு

அப்பா (10:05): நானும் இந்தக் குரூப்புலதான் இருக்கறேன்.

அப்பா (10:11): அவரு தையின்னாருங்களா? எனக்குக் கையின்னுதான் கேட்டுது.

கீர்த்தி (மதியம் 1:15): அப்பிச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. காலைல சின்ன அப்பிச்சி அனுப்புன வாய்ஸ்ல என்ன சொன்னாங்க?

அப்பா (1:18): தெரியாது சாமி. அவன் அனுப்பறது ஒண்ணும் வெளங்காது. கட்டவெரல காட்டிப்போடறது.

கீர்த்தி (1:20): எத்தன நாளா?

அப்பா (1:22): குரூப்பு ஆரம்பிச்சதுல இருந்து.

கீர்த்தி (1:30): நானும் பாத்துட்டே இருக்கேன். இங்க எழுதறதுல அப்பிச்சிதான் முதல் ஆளு. கரண்டு கட்டு, மழை, நூல் வெலை எல்லாம் அவருதான். ஞாயித்துக்கெழம சபையில நாலு வார்த்தை பேசுனாரான்னா இல்ல. எழுத்துன்னா அத்தனையும் புரியுது, பேச்சுன்னாத்தான் தடுமாறுது. இது மூஞ்சியத் தூக்கற வெசயமில்ல மாமா. வியாழக்கெழம எனக்கு லீவு. நான் ஈரோட்டுக்குக் காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

மணி சித்தப்பா (1:34): 🎤 குரல் பதிவு 0:09

கீர்த்தி (1:34): சின்ன அப்பிச்சி!!!

மணி சித்தப்பா (1:41): எலுத வறாது கன்னு

வியாழன்

கீர்த்தி (மாலை 5:20): போயிட்டு வந்தாச்சு. பொறுமையாப் படிங்க, நெறைய இருக்கு.

காதுல அழுக்கு இல்ல, சவ்வும் நல்லா இருக்கு. பவானி அமுச்சி, எண்ணெ வேண்டவே வேண்டாம். இவருக்குக் கோளாறு சவ்வுக்கு உள்ள. எண்ணெ அங்க போகவே போகாது, போற வழியில சவ்வைப் பொசுக்குனாலும் பொசுக்கும்.

கீர்த்தி (5:24): ஒரு சின்ன ரூமு, கதவு கனமா, சாத்துனா வெளிச்சத்தம் வராது. உள்ள அப்பிச்சிய உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுத்தச் சொன்னாங்க டெஸ்ட் பண்ற அம்மா. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னேன். தாழ்ந்த சத்தமா பூம் பூம்னு குடுத்தப்ப டக்கு டக்குனு அமுத்துனாரு. அப்புறம் கீச்சுன்னு போற சத்தம். மெசின்ல நம்பர் ஏறறது எனக்குத் தெரியுது, அவரு சும்மா உக்காந்திருக்காரு. அந்தம்மா இன்னும் ஏத்துனாங்க. இன்னும் ஏத்துனாங்க. அப்பிச்சி என்னையப் பாத்துச் சிரிச்சாரு, "இன்னும் ஆரம்பிக்கலையா"ன்னு கேக்கற மாதிரி.

எனக்கு அழுகையே வந்துருச்சு.

செல்வி (5:26): 😢

கீர்த்தி (5:31): ரிப்போர்ட்டு: 500 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபல், 1000-ல 40, 2000-ல 60, 4000-ல 75. ரெண்டு காதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஹெர்ட்ஸ் ஏற ஏறச் சத்தம் கீச்சுன்னு போகும். டெசிபல்னா அந்தச் சத்தத்த அவ்வளவு தூரம் ஏத்துனாத்தான் இவருக்குக் கேக்க ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். நல்ல காதுன்னா எல்லாமே 20-க்குள்ள இருக்கணும். கோடு 4000 கிட்டப் பள்ளமா எறங்குது. அதப் பாத்ததும் அந்தம்மா கேட்ட மொதக் கேள்வி, "தறி ஓட்டுனீங்களாய்யா?"

குமார் (5:33): சத்தம் கேக்குதே அவருக்கு. காரு ஆரன் அடிச்சா திரும்பிப் பாக்கறாரே.

கீர்த்தி (5:40): அதுதான் மாமா எல்லாத்தையும் ஏமாத்துது. ஆரன் கேக்கும், ஆளு பேசறதும் கேக்கும், என்ன வார்த்தைன்னுதான் புரியாது. அ, ஆ, ஐ எல்லாம் தாழ்ந்த பக்கம், பலமா வரும். முன்னால வர்றது க-வா, ச-வா, த-வான்னு பிரிச்சுக் காட்டறது மேல இருக்கற மெல்லிசு சத்தம். அப்பிச்சிக்கு அந்த மெல்லிசுதான் போயிருச்சு. அதனால "தையில வெச்சுக்கலாமா"ங்கறது "ஐயில வெச்சுக்கலாமா"ன்னுதான் போயிச் சேரும். முன்னால என்ன எழுத்துன்னு அவரே ரொப்பிக்கணும். அன்னைக்கு சபையில சீர் பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. கையின்னு ரொப்பிட்டாரு.

பிரவீன் (5:41): அப்ப அப்பாரு தப்பாக் கேக்கல. கோடிட்ட எடத்த நெரப்பிருக்காரு.

அப்பா (5:44): பத்துல எட்டு சரியாத்தான் நெரப்புவேன். அந்த ரெண்டுக்குத்தான் கெட்ட பேரு.

பவானி அத்தை (5:46): அப்ப இனி சத்தமாப் பேசோனும்

கீர்த்தி (5:55): கத்த வேண்டாம் அமுச்சி. கத்துனா ஆ ஊ மட்டும்தான் பெருசாகும், வாயி கோணும், பாக்கறவங்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். மொகத்துக்கு நேரா நின்னு, வெளிச்சம் நம்ம மேல படற மாதிரி, கொஞ்சம் நிறுத்தி. டிவியும் மிக்சியும் ஓடறப்பப் பேச்சே வேண்டாம். சமையக்கட்டுல இருந்து வாசலுக்குக் கூப்பிடறதும் வேண்டாம். ஒரு தடவ புரியலையா, அதே வார்த்தைய நாலு தடவ சொல்லாதீங்க, வேற வார்த்தை போடுங்க. தையில-ன்னு புரியலையா? "பொங்கல் முடிஞ்சு"ன்னு சொல்லுங்க.

அப்புறம் "ஒண்ணுமில்ல, உடுங்க"ன்னு சொல்லவே கூடாதாம்.

அப்பா (5:58): அது மட்டும் எனக்கு ஒரு எழுத்து உடாமக் கேக்கும். நாளுக்குப் பத்துத் தடவ.

குமார் (6:20): 🙏 சரிங்கப்பா.

குமார் (இரவு 8:02): பட்டறையில போன்ல ஒரு ஆப்புப் போட்டுச் சத்தத்த அளந்து பாத்தேன். எட்டுத் தறி ஓடறப்ப 97 டெசிபல் காட்டுது. போன் கணக்குத்தான், துல்லியம்னு சொல்ல முடியாது. இது அதிகமா?

கீர்த்தி (8:10): 85 இருந்தா 8 மணி நேரம் நிக்கலாம். 3 ஏறுனா நேரம் பாதியாயிரும். 88-ல 4 மணி, 91-ல 2, 94-ல 1. 97-ல அரை மணி நேரம்.

குமார் (8:11): நம்ம ஷிப்டு 12 மணி நேரம்

கீர்த்தி (8:11): ம்.

அப்பா (8:25): 1979-ல பள்ளிபாளையத்துல நாலு தறியில நின்னேன். ராத்திரி வூட்டுக்கு வந்தா காதுக்குள்ள வண்டு பறக்கும், உங்கம்மா பேசறது கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். காலைல எந்திரிச்சா சரியாயிரும். சரியாயிருச்சுன்னுதான் நெனச்சோம்.

மணி சித்தப்பா (8:31): எனக்கும் வன்டு பரக்குது

மணி சித்தப்பா (8:31): 3 வருசமா

செல்வி (8:32): சித்தப்பா! சொல்லவே இல்ல?

மணி சித்தப்பா (8:36): பன்சு வெச்சுக்குறேன்ல

கீர்த்தி (8:40): பஞ்சு தூசிக்குத்தான் ஆகும், சத்தத்துக்கு ஆகாது. நுரை அடைப்பான்னு மருந்துக்கடையில கேளுங்க, பெரிய வெலை இல்ல. காதுக்குள்ள சங்குப் பூச்சி மாதிரி சுருண்டு ஒண்ணு இருக்கு, அதுல பதினஞ்சாயிரம் மயிர்ச்செல்லு சுமாரா இருக்கும். செத்துச்சுன்னா மறுபடி மொளைக்காது. அப்பிச்சிக்குப் போனதக் கொண்டு வர முடியாது, உங்களுக்கு இருக்கறதக் காப்பாத்தலாம்.

மணி சித்தப்பா (8:48): காத அடச்சா தறி நாடா ஓடற சத்தம் மாறுனா எப்டி தெரியும் தறி கெட்டுபோகும்

அப்பா (8:52): மணி, சாக்குச் சொல்லாத. ஊடை நூல் அந்தாத் தறி தன்னால நிக்கும். பாவு அந்தாக் கண்ணுல பாக்கறது, காதுல இல்ல. நாப்பது வருசம் ஓட்டுனவன் சொல்றேன், வாங்கி வையி.

பிரவீன் (9:05): சின்ன அப்பாரு, நான் நாளைக்கு வந்து மாட்டிக் காட்டறேன். சும்மா வாசல்ல சொருகுனா வேலைக்கு ஆகாது. வெரலுக்கு நடுவுல ஊதுபத்தி கனத்துக்கு உருட்டணும், இன்னொரு கைய தலைக்கு மேல சுத்தி விட்டு காத மேல இழுத்துப் புடிச்சு உள்ள தள்ளணும், உப்பற வரைக்கும் அரை நிமிசம் வெரல எடுக்கக் கூடாது. மாட்டுனப்புறம் உங்க குரலே உங்களுக்குக் கனமாக் கேக்கணும்.

செல்வி (9:07): இவ்வளவு தெரிஞ்சவன் ராத்திரி பூரா காதுல செருகிட்டுத் தூங்கறான். என் வூட்டுக்கு வந்தப்ப எனக்கே பாட்டு வெளிய கேட்டுது.

பிரவீன் (9:08): அத்தை 🏃

சனி

குமார் (காலை 7:15): மாற்றுத்திறனாளி அட்டை வாங்குனா காது மெசினு ஓசியாக் கெடைக்கும்னு பக்கத்துப் பட்டறையில சொல்றாங்க.

கீர்த்தி (7:40): கேட்டேன் மாமா. 2016 சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபல் போயிருக்கணும். அப்பிச்சிக்குச் சராசரி 51தான். கல்யாணப் பேச்சக் கெடுக்க 51 போதும், அட்டைக்குப் போதாது. நாமதான் வாங்கணும். ஒரு காதுக்கு 20 ஆயிரத்துக்குக் கீழயும் இருக்கு, லட்சத்துக்கு மேலயும் இருக்கு. ஒண்ணு மட்டும் போட்டா எந்தத் திசையில சத்தம்னு தெரியாது, ரெண்டும் போடச் சொன்னாங்க. போன்ல விளம்பரம் வர்ற மெசின வாங்கிராதீங்க. அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்தும். இவருக்குத் தாழ்ந்தது நல்லாவே கேக்குது, மேல உள்ளத மட்டும்தான் தூக்கணும். அதுக்கு ரிப்போர்ட்ட வெச்சு மெசினத் திருத்தித் தரணும்.

அப்பா (7:52): மெசின மாட்டிட்டுச் சம்மந்தி முன்னால எப்படி உக்காரறது.

செல்வி (7:54): மெசினில்லாம உக்காந்துதான் பாங்குல போடறேன்னீங்க, அதுக்கு இது மேலுங்கப்பா.

அப்பா (7:55): 👍

பிரவீன் (7:55): இந்தக் கட்டவெரல் புரிஞ்சு போட்டதா அப்பாரு?

அப்பா (7:56): ஆமா.

குமார் (மாலை 6:30): மாப்ள வூட்டுக்குப் போன் பண்ணி, தறிச்சத்தத்துல அப்பா காது போயிருச்சுன்னு வெவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சிரிச்சுட்டாரு. அவங்கய்யாவும் மில்லுல இருந்தவராம். தை பாதிக்கு மேல நாள் பாக்கச் சொல்லிட்டாரு.

குமார் (6:31): அப்பா, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டது தப்புங்க.

அப்பா (6:40): அந்தச் சத்தமும் பாதிதான் கேட்டுது, உடு.

மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு

அப்பா (காலை 8:10): கீர்த்தி, மெசினு ரெண்டும் ஓடல. புதுப் பேட்டரி போட்டும் ஓடல. மெசினோட வாங்குன அட்டை, ஆறும் செத்துக் கெடக்குது.

கீர்த்தி (8:14): ஆறுமா? முதுகுல ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா?

அப்பா (8:16): இல்ல. உங்கமுச்சி பிசினு பிசினா இருக்குதுன்னு ஆறையும் உரிச்சுத் தொடச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்குறா.

கீர்த்தி (8:17): 🤦‍♀️ அது காத்துப் பட்டா வேலை செய்யற பேட்டரி. உள்ள துத்தநாகம் இருக்கு. ஸ்டிக்கர உரிச்சாக் காத்து உள்ள போகும், அப்புறம் மெசின்ல போட்டாலும் போடாட்டியும் தீந்துட்டே இருக்கும். போடறன்னைக்கு ஒண்ணே ஒண்ண உரிச்சு, ஒரு நிமிசம் வெளிய வெச்சு அப்புறம் போடுங்க. தீந்ததக் குட்டிப்பையன் கையில படற எடத்துல வெக்காதீங்க, முழுங்கிட்டா ஆபத்து.

செல்வி (8:25): மெசினு பழகிருச்சுங்களாப்பா?

அப்பா (8:40): மொத வாரம் கழட்டி எறிஞ்சுரலாம்னு இருந்துச்சு. ஃபேனு சுத்தறது, பேப்பர் மடிக்கறது, செருப்பு தேயறது, எல்லாம் மண்டைக்குள்ள. வட்டலக் கழுவுனா காதுலயே போடற மாதிரி இருக்கு. இப்பப் பரவால்ல. ஆனா உங்கம்மா அடுப்புக்கிட்ட நின்னு முணுமுணுக்கறது பூராக் கேக்குது. இத்தன வருசம் என்னையத்தான் திட்டிட்டு இருந்துருக்குறா.

பவானி அத்தை (8:42): 😂😂 அண்ணி மாட்டிக்கிட்டாங்க

மணி சித்தப்பா (8:50): அன்னா நானும் அடப்பான் போடறேன். வன்டு இருக்குது ஆனா கம்மி. காலைல இருக்குறது இல்ல

அப்பா (8:51): கழட்டாத.

அம்மா (10:20): 🎤 குரல் பதிவு 0:05

குமார் (10:21): அம்மா, வாய்ஸ் போடாதீங்கன்னு எத்தன தடவ

அப்பா (10:24): இரு இரு. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாச்சு. போனைக் காது மெசினுகிட்ட வெச்சுக் கேட்டேன். கேட்டுது. சந்தையிலதான் நிக்கறேன், வாங்கிட்டு வர்றேன்.

அப்பா (11:05): பச்சப்பயறு ரெண்டு கிலோ வாங்கியாச்சு.

அம்மா (11:12): தட்டப்பயறு

அப்பா (11:13): இத மொதல்லயே எழுதறதுக்கென்ன.