212 அடி

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை. யார் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பேன். அது பொய் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, இதைப் பாரேன்" என்று நடைக் கணக்கைக் காட்டினான். பிப்ரவரியில் தினமும் 6,000, 7,000 அடி. ஏப்ரலில் பட்டைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒரு நாள் வெறும் 212. கட்டிலுக்கும் குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடந்தது மட்டும்தான். கடைசி நாலு நாளும் விடிகாலை 3 மணி தாண்டித்தான் போனைக் கீழே வைத்திருக்கிறேன். அப்பா போனபோதுகூட அழாதவள், அந்த 212-ஐப் பார்த்து அழுதேன்.

மனநல மருத்துவரிடம் போனபோது வாய் வரவில்லை, போனை நீட்டினேன். பார்த்துவிட்டு, கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள் கேட்டார். "நீங்க நடக்கலைன்னு போன் சொல்லுதும்மா. ஏன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். அதன்பிறகுதான் பேச ஆரம்பித்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2013-லேயே 48 மாணவர்களை 10 வாரம் போன் வழியாகக் கவனித்திருக்கிறார்கள். அசைவு, வெளிச்சம், இடம், எல்லாம் கணக்கில் வந்தன. மைக் பேச்சைப் பதிவு செய்யவில்லை, எவ்வளவு நேரம் பேச்சு நடந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. தூக்கமும் பேச்சும் குறைந்தவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண் கூடியிருந்தது. எனக்கு நடந்ததும் அதேதான்.

இந்தக் கணக்கை நான் தம்பியிடமும் மருத்துவரிடமும் தவிர யாரிடமும் காட்டுவதில்லை. அலுவலகத்தில் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

—

அக்கா, படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. எங்க வீட்டில் நேர்மாறு. அம்மா போனில் ஒரு வாரமா 0 அடி. ஊரிலிருந்து பதறியடிச்சு ஓடினேன். அம்மா போனை அலமாரியில் வெச்சிட்டு தினமும் கோயிலுக்கு நடந்துட்டு வந்திருக்காங்க! ஆனா அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து பேசினப்போதான், தனியா சாப்பிடப் பிடிக்கலைன்னு சொன்னாங்க. அதை எந்தப் போனும் எனக்குச் சொல்லியிருக்காது.

—

தம்பி, அம்மாவுக்கு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போடுங்க. ராத்திரியில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.