ஒற்றைத் தலைவலிக்கு தினசரி மாத்திரை: ப்ரொப்ரனலால், ஃப்ளூனரைசின், டோபிராமேட் – எது?

கேள்வி:
தங்கைக்கு வயசு 29. மாசத்துல 6, 7 நாள் தலைவலி, வாந்தியோட. வந்தா ரைசாட்ரிப்டான் 10 மி.கி. போடுறா, சில நாள் கேட்குது, சில நாள் கேட்கல. தடுப்புக்கு தினமும் போட டாக்டர் மூணு மாத்திரை சொல்லி, அடுத்த வாரம் முடிவு பண்ணலாம்னார். சின்ன வயசுல இருந்தே வீசிங் உண்டு. எதைக் கேட்டுக்கிட்டுப் போகணும்?

பதில் 1:
வீசிங்னா ப்ரொப்ரனலால் கிடையாது. மூச்சுக்குழாயைச் சுருக்கும், இழுப்புக்கு அடிக்கிற சால்புட்டமாலையும் வேலை செய்ய விடாது. டாக்டருக்கு வீசிங் விஷயம் தெரியுமா?

ஃப்ளூனரைசின் ராத்திரி 5 அல்லது 10 மி.கி. தூக்கம் வரும், பசி கூடி எடை ஏறும். மனச்சோர்வு இருந்தவங்களுக்கு வேண்டாம். டோபிராமேட்ல எடை இறங்கும். ராத்திரி 25 மி.கி.யில ஆரம்பிச்சு வாரத்துக்கு 25 கூட்டி, காலை 50, ராத்திரி 50 வந்ததும் கூட்டுறதை நிறுத்துவாங்க. விரல் நுனியில எறும்பு ஊரும், சோடா குடிச்சா ருசியே இருக்காது, சொல்ல வந்த வார்த்தை நாக்குலயே நிக்கும். வேகமா கூட்டினா இதெல்லாம் அதிகம். தண்ணி குறைஞ்சா சிறுநீரகக் கல்லும் வரலாம்.

பதில் 2:
குழந்தைக்குத் திட்டம் இருந்தா டோபிராமேட் வேண்டாம். கருவுல உதட்டுப் பிளவு வர வாய்ப்பு கூடும். தடுப்புக்குக் கொடுக்கிற இன்னொரு மாத்திரை வால்ப்ரோயேட், அது இதைவிட மோசம். இதுக்குப் பதிலா ராத்திரி அமிட்ரிப்டிலின்ங்கிற தடுப்பு மாத்திரை 10 மி.கி. தோதுப்படுமான்னு கேளுங்க. எதுவானாலும் முழு அளவுக்கு வந்து 8 வாரம் பார்க்காம "கேட்கல"ன்னு நிறுத்தாதீங்க.

பதில் 3:
ரைசாட்ரிப்டான் சில நாள் கேட்காததுக்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். வலி லேசா இருக்கும்போதே போடணும். குமட்டல் வந்தா இரைப்பை மந்தமாகி மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால குமட்டலுக்கான டோம்பெரிடோன் 10 மி.கி. சேர்த்து எழுதுவாங்க. வாயில கரையுற வகையும் வயித்துக்குப் போய்த்தான் ரத்தத்துல சேருது, அது சீக்கிரம் கேட்கும்னு நம்பாதீங்க. குறைஞ்ச வலி திரும்பினா 2 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு; 24 மணி நேரத்துல 30 மி.கி. தாண்டக்கூடாது. மாசம் 10 நாள் இதைப் போட ஆரம்பிச்சா மாத்திரையே தலைவலியைக் கிளப்பும். காலண்டர்ல குறிச்சு வையுங்க.

கேட்டவர்:
வீசிங் பத்தி சீட்டுல எதுவுமே இல்ல, இப்பவே போன் பண்றேன். ரைசாட்ரிப்டான் கூட வலி மாத்திரை நாப்ராக்சன் 500 போடலாமா?

பதில் 1:
அதே வகை வலி மாத்திரையான ஆஸ்பிரினோ புரூஃபெனோ போட்டு என்னைக்காவது இழுப்பு வந்திருந்தா கூடாது. வந்ததே இல்லைன்னாலும் அந்தப் போன்லயே இதையும் கேட்டுடுங்க.