தக்கலை வீட்டுக் குழுவில் பித்தப்பைப் பேச்சு

சாந்தி அத்தை: ஜெயா மயினிக்கு ஸ்கேன் ரிசல்ட் வந்துவிட்டது. பித்தப்பையில் 3 கல்லாக்கும். பெரியது 11 மில்லிமீட்டர். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த அன்று ராத்திரி முழுவதும் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜன் மாமா: ஜெயா, பயப்படாதே. ஒரு டம்ளர் எண்ணெயில் எலுமிச்சம்பழச் சாறு கலந்து ராத்திரி குடித்தால், காலையில் கல் பச்சை பச்சையாக வெளியே வந்துவிடுமாம். எனக்கு இரண்டு குழுவில் வந்தது.

நிஷா: மாமா, அம்மா அதைக் குடிக்கவே வேண்டாம். வெளியே வரும் பச்சை உருண்டை கல் இல்லை. குடித்த எண்ணெய்தான் குடலுக்குள் சவுக்காரம் போல உறைந்து உருண்டு வருகிறது.

நிஷா: கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். அது பித்தப்பையை நெருக்கிப் பிழியும். அன்று ராத்திரி வலி வந்ததும் இதனால்தான். கல் கிடக்கிற பையை வேண்டுமென்றே பிழிந்தால், கல் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளலாம்.

ராஜன் மாமா: அப்படியா! நான் அதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டேனே.

பாட்டா: பிழிந்த பை மறுபடி எப்படி நிறையும் மக்கா? தானாக விரியுமா?

நிஷா: பாட்டா, இரண்டு வருடமாக நான் படிப்பதே அதைத்தான். தானாக விரியாது. 'தளர்ந்து கொடு' என்று பையிடம் சொல்வதில் பித்தத்துக்கே ஒரு பங்கு உண்டு.

பாட்டா: பித்தம் பேசுமா?

நிஷா: பேசுகிற மாதிரிதான். பித்த அமிலம் கொழுப்பைக் கரைக்க மட்டும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1999இல் செல்லின் உள்ளே எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியை, அதாவது சேதி வாங்கும் புரதத்தை, பித்த அமிலம் தூண்டுவது தெரிந்தது. 2002, 2003இல் ஜப்பான் ஆய்வாளர்கள் செல்லின் வெளிச்சவ்வில் இன்னொரு ஏற்பியைக் கண்டார்கள். டிஜிஆர்5 என்று பெயர். பித்தப்பைத் தசையிலும் இரைப்பைத் தசையிலும் அது இருக்கிறது.

நிஷா: குளச்சலில் கரமடி வலை இழுப்பதை நீங்கள்தானே எனக்குக் காட்டினீர்கள்? தசை சுருங்குவதும் அப்படித்தான். மயோசின் என்ற கைகள் ஆக்டின் என்ற கயிற்றைப் பற்றிப் பற்றி இழுக்கும். 'ஏலேலோ' என்று குரல் கொடுப்பது கால்சியம். பித்த அமிலம் டிஜிஆர்5இல் வந்து உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி கடத்தும் பொருள் பெருகும். பித்தப்பையில் அது பொட்டாசியம் வெளியேறும் வாசலைத் திறந்துவிடும். பொட்டாசியம் போனதும் செல்லின் மின்னழுத்தம் இறங்கி, கால்சியம் வருகிற வாசல் சாத்திக்கொள்ளும். குரல் நின்றால் கை விட்டுவிடும், பை தளரும்.

பாட்டா: இது புரிகிறது.

நிஷா: இரைப்பையில் வழி கொஞ்சம் வேறு. மயோசினை இழுப்பிலேயே பிடித்து வைக்கும் ஆர்எச்ஓஏ என்ற புரதத்தை அந்தச் சைக்ளிக் ஏஎம்பி அடக்கிவிடும். எங்கள் லேபில் தீக்குச்சி நீளத்துக்கு இரைப்பைத் தசையை நறுக்கி, நூல் கட்டி, 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிடுவோம். தசையைச் சுருங்க வைக்கும் அசிடைல்கோலின் ஒரு சொட்டு விட்டதும் திரையில் கோடு சரசரவென்று ஏறும். அப்புறம் டிஜிஆர்5ஐத் தூண்டும் மருந்தை விட்டால், ஏறின கோடு மெல்ல மெல்லப் படிந்து வரும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பிடவே தோன்றவில்லை.

சாந்தி அத்தை: மயினிக்குக் கல் வந்ததும் இதனால்தானா நிஷா?

நிஷா: அப்படிச் சொல்லிவிட முடியாது அத்தை. ஆனால் டிஜிஆர்5 இல்லாத எலிகளுக்குக் கல் உண்டாக்கும் தீவனம் கொடுத்துப் பார்த்தபோது கல் பிடிக்கவில்லை. பை தளர்ந்தே கிடந்தால் பித்தம் தேங்கும், தேங்கினால் கல் கட்டும். அதனால் தளர்வும் வேண்டும், பிழிவும் வேண்டும்.

அம்மா: எல்லாம் வாசித்தேன். பையை எடுத்துவிட்டால் நான் எப்படிச் சாப்பிடுவேன், அதைச் சொல்.

நிஷா: அம்மா, பித்தத்தைச் செய்வது கல்லீரல். பை வெறும் சேமிப்புதான். எடுத்த பிறகு பித்தம் கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலுக்கு வடியும். முக்கால்வாசிப் பேர் வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் வயிறு இளகிப் போகும். இதே டிஜிஆர்5 பெருங்குடலில் வேறு செல்களில் இருக்கிறது, அங்கே செரோடோனின் என்ற சேதிப் பொருளைச் சுரக்கவைத்து மலத்தை முன்னே தள்ளும். அப்படி வந்தால் மருந்து உண்டு, டாக்டரிடம் சொன்னால் போதும்.

அம்மா: சரி.

ராஜன் மாமா: நாலு பேரையும் போனில் கூப்பிட்டுக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் எண்ணெய் வாங்கியே வைத்துவிட்டார். ஜெயா, வெள்ளிக்கிழமை நாகர்கோவிலுக்கு நான் வண்டி எடுத்து வருகிறேன். ஸ்கேன் பேப்பரை எடுத்து வை.

சாந்தி அத்தை: இன்றைக்கு மயினிக்குக் கஞ்சியும் பயறும். ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவை நான் என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.