புது ஸ்போர்ட்ஸ் டயர் போட்டதும் ஸ்டீயரிங் மந்தமாகிவிட்டது: டயர் சரியில்லையா, இன்னும் ஓட்ட வேண்டுமா?

கிள்ளான்_86

எல்லாருக்கும் வணக்கம். என் கார் 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். கம்பெனியிலிருந்து வந்த அதே 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமசி எச்பி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். தேய்மான அடையாளம் வரை தேய்ந்துவிட்டதால், இந்த முறை கொஞ்சம் காசு சேர்த்து நல்ல ஸ்போர்ட்ஸ் ரக டயராகவே நான்கும் மாற்றினேன். அளவு 225/45 ஆர்17, அதாவது பழையதைவிட 10 மில்லிமீட்டர் அகலம். ரிம் அதே பழைய 7 அங்குலம்.

போட்டு ஒரு வாரம் போல ஆகிறது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓட்டினேன். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது. பழைய டயரில் கை அசைந்தாலே மூக்கு திரும்பும். அதைவிடப் பெரிய கவலை ஷா ஆலாம் வட்டச்சாலையில் வந்தது. மழை நின்ற பிறகு, இரண்டாம் கியரில், மெதுவாகத்தான் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். பின்பக்கம் வழுக்கி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சி விளக்கு மின்னியது. தேய்ந்த டயரோடு அதே வளைவில் அதே வேகத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

கடையில் கேட்டால் "ஓட்ட ஓட்டச் சரியாகும்" என்கிறார்கள். எவ்வளவு ஓட்ட வேண்டும்? டயர் நல்லதா இல்லையா என்று எப்போது, எதை வைத்துச் சொல்வது? அடுத்த மாதம் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போக ஆசை.

மலைப்பாதை_விரும்பி

புது டயர் என்றாலே மேலே வழவழப்பான ஒரு தோல் இருக்கும். காலி இடத்தில் நின்றபடியே பின் டயரைச் சுழல விட்டால் போய்விடும். இல்லையென்றால் பெட்ரோல் துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒட்டும்.

பட்டறை_அண்ணன்

பெட்ரோலும் வேண்டாம், சுழற்றலும் வேண்டாம். பெட்ரோல் ரப்பருக்குள் ஊறும். நின்ற இடத்தில் சுழற்றினால் பின் இரண்டு டயரில் மட்டும் சூடு ஏறும், முன் டயர் அப்படியே கிடக்கும். நான் இருபது வருடத்துக்கு மேல் டயர் கழற்றி மாட்டியவன், செப்பாங்கில் நண்பர்களின் கார்களுக்கு இன்றும் காற்று பார்த்துக் கொடுக்கிறேன். அவசரப்பட்டு டயரைக் கெடுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது ஒரு பிரச்சினை அல்ல. மூன்று நான்கு விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் டயரைப் பற்றி நியாயமாகப் பேச முடியும்.

வழுக்கலை முதலில் சொல்கிறேன். வட்டச்சாலை வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்காது. அதனால் டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்பது அங்கே பெரிய விஷயமில்லை, தரையைத் தொடும் ரப்பரின் மேற்பரப்புதான் முக்கியம். உங்கள் பழைய டயர் தேய்ந்திருந்தாலும் மேற்பரப்பு பழகிய ரப்பர். புதியது இன்னும் பழகவில்லை. அதே பழைய டயரோடு காராக் நெடுஞ்சாலையில் 90-இல் தேங்கிய தண்ணீருக்குள் போயிருந்தால் கதை வேறு.

எவ்வளவு ஓட்ட வேண்டும் என்றால், போர்ஷே தன் கார் கையேட்டில் முதல் 100 முதல் 200 கிலோமீட்டர் வரை மிதமாக ஓட்டச் சொல்கிறது. அமெரிக்காவின் டயர் ரேக் கடைக்காரர்கள் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் என்கிறார்கள். என் கணக்கில் காய்ந்த சாலைக்கு 300 போதும், மழையில் நம்புவதற்கு 800 வரை பொறுக்கலாம். ஆனால் கிலோமீட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். நேர் சாலையில் எத்தனை நூறு ஓடினாலும் டயரின் நடுப்பகுதிதான் தேயும், ஓரம் புதுசாகவே இருக்கும். நீங்கள் வளைவில் சாய்கிற அந்த ஓரம்தான் உங்களுக்கு வேண்டியது. புக்கிட் திங்கி பக்கம் ஒரு காலை நேரம் போய் ஏறி இறங்குங்கள், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி உதிர்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓரத்தில் பளபளப்பு போய், தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்டீயரிங். தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டர். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அவ்வளவு உயரமான ரப்பர் கட்டைகள் பக்கவாட்டில் வளைந்து கொடுத்த பிறகுதான் கார் திரும்பும். எவ்வளவு நல்ல டயரிலும் இது உண்டு, தேயத் தேயக் குறையும். ரேஸ்காரர்கள் சிலர் புது டயரையே சீவிப் போடுவது இதனால்தான். அதனால் புது டயரைத் தேய்ந்த டயரோடு ஒப்பிட்டு மந்தம் என்று சொல்வது அந்த டயருக்கு அநியாயம்.

ஆனால் மந்தத்தில் ஒரு பகுதி போகவே போகாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 225/45 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 7 முதல் 8.5 அங்குலம். நீங்கள் கீழ் எல்லையில் நிற்கிறீர்கள். பக்கச்சுவர் உள்பக்கமாக இழுபட்டு நிற்கும், அதனால் திருப்பத்துக்குத் தாமதமாகத்தான் பதில் வரும். 7 அங்குல ரிம்முக்கு நானாக இருந்தால் அதே ரக டயரை 215-லேயே போட்டிருப்பேன். 7.5 அல்லது 8 அங்குல ரிம் மாற்றுகிற எண்ணம் இருந்தால் 225 நல்ல தேர்வுதான். விட்டமும் 9 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. மீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் முன்பைவிட ஒன்றரை சதவீதம் போல அதிகமாக இருக்கும், கேமரா இருக்கிற இடத்தில் நினைவில் வையுங்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், வீட்டிலேயே காற்று அளந்து எழுதுங்கள்.

ரப்பர்_ஆய்வகம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ரப்பர் கலவை என் தினசரி வேலை. அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வெளியே வரப் பயன்படும் பொருளின் மிச்சம் மேலே இருக்கலாம். அதுமட்டுமில்லை. ஓசோனால் வெடிப்பு வராமலிருக்க ரப்பருக்குள்ளேயே மெழுகும் பாதுகாப்பு வேதிப்பொருளும் கலக்கிறோம். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும், கடையில் கிடக்கும் டயரிலும் வரும். அதனால்தான் துடைத்து எடுப்பதில் பயனில்லை, சாலையில் தேய வேண்டும். தயவுசெய்து டயர் பாலிஷை தரையில் படும் பகுதியில் அடிக்காதீர்கள்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கிள்ளான் தம்பி.

கிள்ளான்_86

மிக்க நன்றி அண்ணே, அக்கா. டயர் செய்த தேதி இந்த வருடம்தான். காலையில் அளந்தேன், நான்கிலும் 290 கேபிஏ! கதவோரத்தில் 240 என்று எழுதியிருக்கிறது. ஆனால் டயரில் "94 ஒய் எக்ஸ்எல்" என்று இருக்கிறதே, எக்ஸ்எல் என்றால் கூடுதல் சுமை தாங்கும் டயராமே, அதற்குக் கூடுதல் காற்று வேண்டாமா?

பட்டறை_அண்ணன்

இதுதான் நான் சந்தேகப்பட்டது. டயர் விளிம்பு ரிம்மில் உட்காரக் கூடுதலாக அடித்துவிட்டுக் குறைக்காமல் விட்டிருப்பார்கள். 290-இல் டயர் நடுவில் புடைத்து, தரையில் படும் பரப்பு சுருங்கும். ஈரத்தில் பின்பக்கம் விட்டதில் இதற்கும் பங்கு உண்டு.

240-க்கு இறக்குங்கள். உங்கள் பழைய டயர் 87 சுமைக் குறியீடு என்றால் ஒரு டயருக்கு 545 கிலோ. 94 என்றால் 670 கிலோ. 240-இலும் புதியது பழையதைவிட அதிகம் தாங்கும். உங்கள் கார் 1,250 கிலோ சுமார்தான். பெட்ரோல் நிலைய மெஷினில் அடிப்பதென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதற்குப் போங்கள், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும். அப்புறம் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு ஒருமுறை சரிபாருங்கள். புது டயர் மாட்டி 50, 100 கிலோமீட்டரில் இதைச் செய்திருக்க வேண்டும்.

டயர் நல்லதா என்று எப்போது, எதை வைத்துச் சொல்வது என்று கேட்டீர்கள். 800 ஆன பிறகு, ஒரே சாலை, ஒரே காலை நேரம், டயரில் ஒரே காற்றழுத்தம் வைத்து ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட, பிடிப்பு முடியப்போகிறது என்று எப்படிச் சொல்கிறது என்று கவனியுங்கள். 86-இன் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா, பிடிப்பை நம்பி நிற்காமல் குறைந்த வேகத்திலேயே ஓட்டி மகிழும் காரைத்தான் விரும்பினார். பிரைமசி சீக்கிரம் வழுக்கும், ஆனால் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லும். உங்கள் புது டயர் பிடித்துக்கொண்டே இருந்து பிறகு சட்டென்று விடலாம். அந்த எல்லையை வட்டச்சாலையில் தேடாதீர்கள், செப்பாங்கில் தேடுங்கள்.

கிள்ளான்_86

அப்படியானால் அடுத்த மாதம் செப்பாங் போகலாமா அண்ணே?

பட்டறை_அண்ணன்

800 முடிந்திருந்தால் போங்கள். ஒரு சுற்று 5.5 கிலோமீட்டர், 15 வளைவு. மதியம் தார் 50 டிகிரியைத் தாண்டும். உயரமான ரப்பர் கட்டை அந்தச் சூட்டில் ஓரத்தில் பிய்ந்துகொண்டு வரும், அதனால் காலை நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற விட்டு மெதுவாக. உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்து 260 பக்கம் வரும்வரை காற்றை விடுங்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் மறக்காமல் 240-க்கு அடித்துவிட்டு அப்புறம் வேலைக்குப் போங்கள்.