ஃபோன்ல 50 கோடி, நிஜ மெஷின்ல 1 கோடி கூட தாண்டல. டிஜிட்டல் பின்பால் ஏமாத்து வேலையா?

பிளங்கர்_பாண்டி:
மக்களே, ஒரு அவமானக் கதை. ரெண்டு வருஷமா ஃபோன்ல ஒரு பின்பால் ஆப்ல ஆடம்ஸ் ஃபேமிலி டேபிள் (அதே பேர்ல வந்த நிஜ பின்பால் மெஷினோட டிஜிட்டல் வடிவம்) எனக்கு சோறு மாதிரி, தினமும் ஆடாம தூங்க மாட்டேன். ஹை ஸ்கோர் 50 கோடி, மேன்ஷன்ல இருக்க எல்லா ரூமையும் முடிச்சு டூர் தி மேன்ஷன்ங்கிற கடைசிக் கட்டம் வரைக்கும் போயிருக்கேன். போன வாரம் ஆபீஸ் வேலையா நியூஜெர்சி வந்தா தங்கியிருக்க இடத்துக்குப் பக்கத்துல ஒரு பார், உள்ள மூலையில நிஜமான 1992 ஆடம்ஸ்! கை நடுங்குச்சு, குவார்ட்டர் காசு (25 சென்ட்) போட்டேன், மூணு பால்ல மொத்தம் 90 லட்சம். இடது ஃபிளிப்பர் (பாலைத் திருப்பி அடிக்கிற சின்ன மட்டை) அடிச்சா பால் ரேம்ப்ல பாதி ஏறிட்டு திரும்பி நடுவுலயே இறங்குது, கடுப்புல மெஷினை ஒரு தள்ளு தள்ளினேன், டில்ட், ஃபிளிப்பர் செத்து அந்த பால் போச்சு. பக்கத்துல பீர் குடிச்சிட்டிருந்த தாத்தா சிரிக்கிறார். அப்போ ரெண்டு வருஷமா நான் ஆடினது என்னது?

ஜெர்சி_வாசு:
ஆடினது வீடியோ கேம், அவ்ளோதான். கோவிச்சுக்காதீங்க பாண்டி. என் வீட்டு பேஸ்மென்ட்ல ரெண்டு மெஷின் இருக்கு, நானும் ஃபோன்ல ஆடுவேன், ஆனா ரெண்டையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுறதுதான் எனக்கு ஒப்பல. நிஜத்துல 80 கிராம் இரும்பு குண்டு, ஆறரை டிகிரி சாய்ஞ்ச பலகை மேல உருளுது. அது அவுட்லேன் (ஓரத்துல பால் தொலைஞ்சு போற வழி) பக்கம் போறப்போ ஓரத்து ரப்பர்ல படுற அந்த நொடியில உள்ளங்கையால ஒரு சின்னத் தள்ளு, 115 கிலோ மெஷின் அரை இஞ்ச் நகரும், பால் திரும்பி ஆட்டத்துக்குள்ள வரும். ஒரு துளி முன்னாடி தள்ளினாலும் போச்சு. உள்ள ஒரு ஊசல் தொங்குது, அது சுத்தியிருக்க வளையத்தைத் தொட்டா டில்ட். ஃபோன்ல இதுக்கு என்ன இருக்கு, ஒரு பட்டன். பட்டனை அமுக்கினா எப்பவும் அதே அளவு தள்ளுது. இதுல கத்துக்க என்ன இருக்கு?

கடலூர்_கணேஷ்:
வாசு அண்ணே, ஃபோனை மட்டும் வெச்சு டிஜிட்டலை எடை போடாதீங்க. நான் விஷுவல் பின்பாலுக்குன்னே (கம்ப்யூட்டர்ல ஓடுற பின்பால் சாஃப்ட்வேர்) ஒரு கேபினெட் கட்டியிருக்கேன், தச்சரை வெச்சு ப்ளைவுட்ல, உள்ள 43 இஞ்ச் டிவி, அசைவை அளக்கிற ஆக்ஸிலரோமீட்டர் போர்டு. கேபினெட்டை நிஜமாவே தள்ளணும், எவ்ளோ தள்ளுறேனோ அவ்ளோ பால் நகரும், அதிகமானா டில்ட். ஃபிளிப்பர் அடிக்கிற சத்தத்துக்கு சோலனாய்டு கூட வெச்சிருக்கேன், ராத்திரி பத்துக்கு மேல வீட்ல திட்டு. இன்னொண்ணு, இதுல ஓடுறது மெஷின்ல இருந்த அதே ROM கோடு (சிப்ல எழுதின புரோகிராம்). ரூல், குரல், டாட் டிஸ்ப்ளே எல்லாம் 1992ல மெஷினை டிசைன் பண்ணின பேட் லாலரும் லாரி டிமாரும் பண்ணினது அப்படியே. நீங்க கடலூர்ல இருந்து பாருங்க, நிஜ ஆடம்ஸுக்கு நான் எங்க போறது? ஸ்டெர்ன் கம்பெனியோட புது மெஷினே 7000 டாலர் பக்கம், கப்பல் செலவு கஸ்டம்ஸ் எல்லாம் சேத்தா எங்க அப்பா என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவார்.

எக்ஸ்பி_காலத்து_ஆள்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், நமக்கெல்லாம் பின்பால்னாலே பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபா குடுத்துட்டு நெட் ஸ்லோவா இருக்கப்போ ஆடின, விண்டோஸ் எக்ஸ்பியோட வந்த ஸ்பேஸ் கேடட்தானே. அது விஸ்டால ஏன் காணாம போச்சு தெரியுமா? 64 பிட்டுக்கு மாத்தினப்போ பால் எதுலயும் மோதாம பிளங்கர் (பாலை முதல்ல தள்ளி விடுற கம்பி) வழியாவே கீழ விழுந்து போயிடுச்சாம், எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியாம தூக்கிட்டோம்னு மைக்ரோசாஃப்ட்ல வேலை பாத்த ரேமண்ட் சென் பின்னாடி எழுதியிருந்தார். வாசு சொல்ற 80 கிராமுக்கு எதிர் சாட்சி அதுதான் 😂

ஜெர்சி_வாசு:
😂 அருமை.
கணேஷ், உங்க கேபினெட் மேல மரியாதை இருக்கு, ஆனா கண்ணு? கண்ணாடிக்கு அடியில பால் வரப்போ நான் தலையைச் சாய்ச்சு ரேம்ப்புக்குப் பின்னாடி பாப்பேன். டிவில எங்க சாய்ச்சாலும் அதே தட்டைப் படம். அப்புறம் லேக், அதாவது பட்டனை அமுக்கினதுக்கும் திரையில தெரியறதுக்கும் நடுவுல தாமதம். 60 ஃபிரேம் டிவில ஒரு ஃபிரேமே கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட், இதுல லைவ் கேட்ச் பண்ணணும்னா, அதாவது பால் வந்து படுற அதே கணத்துல ஃபிளிப்பரைத் தூக்கி பாலை அப்படியே செத்த மாதிரி நிக்க வெக்கணும்னா, பழகிப் பழகி அந்த டிவிக்குன்னு ஒரு கை வரும், நிஜ மெஷின்ல அந்தக் கை உதவாது. பாண்டிக்கு நடந்தது அதுதான்.

கடலூர்_கணேஷ்:
120 ஹெர்ட்ஸ் டிவி அண்ணே, கேம் மோட்ல. லேக் இல்லன்னு சொல்லல, பழைய கதைன்னு சொல்றேன். பாண்டிக்கு நடந்ததுக்கு லேக் காரணமே இல்ல, அந்த பார்காரன் மெஷினைப் பராமரிக்கல. நான் ஆடுறது ஃபேக்டரில இருந்து வந்த அன்னிக்கு இருந்த ஆடம்ஸ். நீங்க ஆடுறது முப்பது வருஷ ரிப்பேர். எது ஒரிஜினல் சொல்லுங்க?

சாலிடர்_சுமதி:
இதுக்கு நான் வந்துதான் ஆகணும். கலிஃபோர்னியாவுல மெஷின் ரிப்பேர் பண்றேன், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

பாண்டி தம்பி, உங்க இடது ஃபிளிப்பர் பத்தி முதல்ல. ஃபிளிப்பரை இழுக்கிற காயில்ல ரெண்டு சுத்து இருக்கும், ஒண்ணு பலமா இழுக்க, இன்னொண்ணு தூக்கினதை லேசா பிடிச்சு வெக்க. உள்ள பிளாஸ்டிக் குழல் அழுக்காகி, லிங்க் தேய்ஞ்சு போனா அடி பாதியாயிடும். ரொம்ப நேரம் ஆடினா காயில் சூடாகியும் பலம் இறங்கும், ஏழு மணிக்கு ஏறின ரேம்ப் ஒன்பது மணிக்கு ஏறாது.

கணேஷ், "ஃபேக்டரில இருந்து வந்த அன்னிக்கு"ன்னு சொல்றீங்க பாருங்க, அந்த ஒரு நாள் மெஷின் நிஜத்துல எந்த பார்லயும் இருந்ததில்ல. மறுநாளே பலகையில பால் விழுந்த பள்ளம், ரப்பர்ல கருப்பு, வேக்ஸ் போட்டா வேகம், போடலன்னா மந்தம். டிசைன் பண்ணினவங்களுக்கே இது தெரியும். ஆடம்ஸ்ல திங் ஃப்ளிப்ஸ் இருக்குல்ல, மேல இடது ஃபிளிப்பரை மெஷினே தானா அடிச்சு பாலைக் குழிக்குள்ள போடப் பாக்கும். போடலன்னா அடுத்த தடவை நேரத்தை மாத்திக்கும். ஏன் அப்படி எழுதினாங்க? ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி, அதே மெஷினே நாளைக்கு வேற மாதிரின்னு தெரிஞ்சதாலதான். 20,270 மெஷின் வித்தாங்க, 20,270 குணம்.

கடலூர்_கணேஷ்:
அக்கா செம பாயின்ட், ஆனா என் கேபினெட்லயும் அதே ROM தான், அங்கயும் திங் ஃப்ளிப்ஸ் கத்துக்குதே!

சாலிடர்_சுமதி:
கத்துக்கும் தம்பி. ஒரு தடவை கத்துக்கிட்டா முடிஞ்சுது, உங்க ஃபிளிப்பர் தேயவே தேயாதே. என் பட்டறையில அது இன்னும் துரத்திக்கிட்டே இருக்கு.

ஜெர்சி_வாசு:
சுமதி சொன்னதை அப்படியே வழிமொழியறேன். நியூயார்க்ல பின்பால் சூதாட்டம்னு சொல்லி 1942ல மேயர் லகார்டியா காலத்துல தடை போட்டாங்க, மெஷினை சம்மட்டியால உடைச்ச போட்டோ பாத்திருப்பீங்க. 1976ல ராஜர் ஷார்ப்னு ஒருத்தர் கவுன்சில் முன்னாடி ஆடிக் காட்டித்தான் தடை போச்சு. அவர் ஆட நினைச்ச மெஷின் வேணாம், ஸ்பேரா கொண்டு வந்த இன்னொண்ணுல ஆடுன்னுட்டாங்க. பிளங்கரை இழுத்து, பால் நடு லேன்ல போகும்னு சொன்னார், போச்சு. திறமைன்னா இதுதான், கையில மாட்டின மெஷினைப் புரிஞ்சுக்கறது.

கடலூர்_கணேஷ்:
சரி, அப்போ மெஷின் எல்லாம் செத்த பிறகு? 1999ல வில்லியம்ஸ் கம்பெனி பின்பாலையே மூடிட்டான். இருக்கறது உங்களை மாதிரி ஆளுங்க பேஸ்மென்ட்ல. டிஜிட்டல் இல்லன்னா பாண்டிக்கு டூர் தி மேன்ஷன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது.

ஜெர்சி_வாசு:
டிஜிட்டல் சாகாதா? பின்பால் ஆர்கேட்ங்கிற ஆப்ல இருந்த அத்தனை வில்லியம்ஸ், பேலி கம்பெனி டேபிளையும் லைசென்ஸ் முடிஞ்சதுன்னு 2018 ஜூன் 30ஓட விற்பனையில இருந்து தூக்கினாங்க. வாங்கி வெச்சவன் வெச்சிருக்கான், மறுநாள் வந்தவனுக்கு இல்ல. அப்புறம் ஜென் ஸ்டுடியோஸ் கம்பெனி கைக்குப் போய், அதுல ஆடணும்னா திரும்ப முதல்ல இருந்து காசு குடுக்கணும். என் மெஷினுக்கு எக்ஸ்பைரி டேட் கிடையாது.

கடலூர்_கணேஷ்:
அது கம்பெனி பண்ற வேலை, நம்ம தலையில கட்டாதீங்க. விஷுவல் பின்பால் இலவசம், என் ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. ஆனா தூக்கினப்போ எனக்கும் வயிறு எரிஞ்சுது, அதை ஒத்துக்கறேன்.

பிளங்கர்_பாண்டி:
அப்டேட். நேத்து அதே பாருக்குப் போனேன். சுமதி அக்கா சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு முதல் பால் முழுக்க ஸ்கோரே பாக்கல, இடது ஃபிளிப்பர் எவ்ளோ தூரம் தள்ளுதுன்னு மட்டும் பாத்தேன். ரேம்ப்பை மறந்துட்டு வலது ஃபிளிப்பரால என்னென்ன தொட முடியுமோ அதை மட்டும் தொட்டேன். எந்த ரூமுக்கு எப்போ லைட் எரியும்னு எல்லாமே எனக்கு மனப்பாடம், அதுக்கு ஃபோனுக்குத்தான் கும்பிடு போடணும். 3 கோடி 80 லட்சம். மூணாவது பால்ல டேஞ்சர்னு ரெண்டு தடவை காட்டியும் விடாம தள்ளி டில்ட் ஆச்சு. தாத்தா இந்தத் தடவை சிரிக்கல, ஒரு குவார்ட்டர் காசை எடுத்து கண்ணாடி மேல வெச்சார், அடுத்தது அவர் ஆட்டமாம்.

கடலூர்_கணேஷ்:
செம பாண்டி! நான் இன்னிக்கு ராத்திரி என் டேபிள்ல இடது ஃபிளிப்பர் பலத்தை மட்டும் 15 சதவீதம் குறைச்சு வெச்சு ஆடிப் பாக்கப் போறேன்.

சாலிடர்_சுமதி:
அப்படியே வலது பக்கம் ஒரு நூல் சாய்ச்சும் வைங்க, எந்த பார்லயும் தரை லெவலா இருக்காது.

எக்ஸ்பி_காலத்து_ஆள்:
யாராவது ஸ்பேஸ் கேடட்டுக்கு கேபினெட் கட்டியிருக்கீங்களா?