கால்வாசி நிலம் யார் கையில் இருந்தது?

துவண்டே மைந்தன்:
போன வாரம் கோயில் மண்டபத்தில் ஒருவர் பேசினார். 1948-இல் குடியரசு ஆன கையோடு அரசு விவசாயத்திலும் வியாபாரத்திலும் கை வைத்ததாம், பர்மா படுத்ததற்கு அதுதான் காரணமாம். கூட்டம் கை தட்டியது, எனக்கு வயிறு எரிந்தது. நாட்டு நிலத்தில் கால்வாசி வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் கிடந்தால் புது அரசு வேடிக்கை பார்க்குமா? நிலத்தை எடுத்து உழுதவனுக்குக் கொடுக்க நில தேசியமயச் சட்டம் போட்டது. சரியாகத்தான் செய்தது.

மொகல் தெரு பேரன்:
நாட்டு நிலத்தில் கால்வாசியா? கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 மாவட்டங்களில் கால்வாசி. அதுவும் 1937 கணக்கு. 1930-இல் அதே 13 மாவட்டங்களில் 6 சதவீதம்தான். நடுவில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்தது. ரங்கூன் மொகல் தெருவில், வட்டிக் கடை நடந்த கிட்டங்கியில் பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களுக்கு வயல் எதற்கு? மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குப் போக வந்தவர்கள் அவர்கள்.

பெகு கண்ணன்:
அரசின் பங்கு என்று எதைச் சொல்கிறோம்? நிலச் சட்டமா, நெல் கொள்முதலா, 1963-இல் பேங்குகளை எடுத்ததா? மூன்றும் வேறு வேறு. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோமே.

துவண்டே மைந்தன்:
13 மாவட்டம் என்றால் என்ன குறைந்துவிட்டது? போருக்கு முன்னால் வருஷம் 30 லட்சம் டன் அரிசி கப்பல் ஏறியது. அது மலை உச்சியிலா விளைந்தது? அந்த 13 மாவட்டம்தான் நாடு. அதில் கால்வாசி என்றால் நாட்டில் கால்வாசிதான். எங்கள் தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரி பிடித்த பிடிப்புப் போக மிச்சக் கூலியில் சாப்பிட்டவர். வட்டி என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மொகல் தெரு பேரன்:
13 மாவட்டம்தான் நாடு என்றால் மேல் பர்மாவில் இருக்கும் மாண்டலேக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டு நாட்டையே சுருக்குகிறீர்கள். சரி, உங்கள் அரசைப் பற்றியும் பேசுவோம். 1947-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசு என்று போட்டார்கள். 1948 சட்டம் ரங்கூன் பக்கத்துச் சிரியம் ஊரில் ஆரம்பித்து, உள்நாட்டுச் சண்டையில் நின்று, 1953-இல் திரும்ப வந்தது. அரிசி ஏற்றுமதி முழுக்க அரசு விற்பனை வாரியத்தின் கையில். கொரியப் போர் சமயத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. உழவனுக்குப் பழைய விலைதான், மிச்சமெல்லாம் அரசுக்கு. நாங்கள் வாங்கிய வட்டியை மட்டும் எண்ணுகிறீர்களே, இந்த வட்டியை யார் எண்ணுவது? இனிமேல் எழுதுமுன் 13 மாவட்டம் என்று சேர்த்து எழுதுங்கள்.

மௌல்மீன் செல்வி:
அந்த மிச்சத்தில் ஒரு பகுதியாவது ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது ஐயா. 1952-இல் பீடாவ்தா என்ற மக்கள் நலத் திட்டம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் ஆரம்பித்தார்கள். ஐராவதி ஆற்றில் ஓடிய வெள்ளைக்காரன் கப்பல் கம்பெனியையும் 1948-லேயே அரசு எடுத்துக்கொண்டது. அதையும் தப்பு என்பீர்களா? இன்னொன்று. உழுதவனுக்கு நிலம் என்று துவண்டே அண்ணன் பெருமைப்படுகிறார். பிரஜை இல்லாத நம் கூலிக்காரர் எத்தனை பேருக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது? இரண்டு பக்கமும் அதைப் பேச மாட்டீர்கள்.

துவண்டே மைந்தன்:
தங்கச்சி, அதைப் பிறகு பேசலாம். மொகல் தெருக்காரர் இப்போது எங்கே இருந்து எழுதுகிறார் என்று கேளுங்கள். தேவகோட்டையில் இருந்து. இங்கே பர்மாவிலேயே பாஸ்போர்ட் இல்லாமலும் வெளிநாட்டவர் கார்டோடும் கிடந்தவர்கள் நாங்கள். விட்டுவிட்டுப் போனவர்கள் எங்களுக்குச் சரித்திரம் சொல்ல வேண்டாம்.

மொகல் தெரு பேரன்:
விட்டுவிட்டுப் போனோமா? 1964 மார்ச் 19-இல் ரங்கூன் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். எங்கள் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, மக்கள் கடை என்று எண் போட்ட பலகையை மாட்டினார்கள். மே 17-இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். எங்கள் அப்பத்தா கப்பல் ஏறும்போது காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஓட்டைக் காதோடு மெட்ராஸில் இறங்கியவர் பேரனைப் பார்த்து விட்டுவிட்டுப் போனவன் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கூசவில்லையா?

பெகு கண்ணன்:
1964 வேறு, 1948 வேறு என்றுதான் நான் முதலிலேயே சொன்னேன். முதல் பிரதமர் ஊ நு காலத்தில் பாராளுமன்றம் இருந்தது, எதிர்த்துப் பேச இடம் இருந்தது. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு அதுவும் போனது.

மொகல் தெரு பேரன்:
இரண்டும் ஒன்றுதான் கண்ணன். முதலில் நிலம், பிறகு பேங்க், பிறகு மளிகைக் கடை. ஒரு தடவை அரசுக்கு எடுத்துப் பழகிவிட்டால் எங்கே நிற்கும்? நிலத்தை எடுத்தபோது நிலவரியில் இத்தனை மடங்கு நஷ்ட ஈடு என்று சட்டத்தில் எழுதினார்கள். நிலத்தின் விலையே வேறு.

துவண்டே மைந்தன்:
அப்போது நிலத்தை உங்களிடமே விட்டிருக்க வேண்டுமா? கடைசிவரை கரேன், பர்மன், தமிழன் எல்லோரும் உங்களுக்குக் குத்தகை கட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். தோடு போனதற்கு அழுகிறீர்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டு செல்லாமல் போனபோது நாங்கள் இங்கேதான் இருந்தோம். சேர்த்த காசு ஒரே நாளில் காகிதம். அன்று நீங்கள் யாரும் இல்லை.

மொகல் தெரு பேரன்:
அந்த நோட்டைச் செல்லாமல் ஆக்கியதும் நீங்கள் தாங்கிப் பேசுகிற அதே அரசுதான். பேச்சை மாற்றாமல் மாண்டலேயில் செட்டியார் நிலம் எத்தனை ஏக்கர் என்று சொல்லுங்கள்.

துவண்டே மைந்தன்:
நான் தாங்கிப் பேசியது 1948 அரசை. நே வினை என் தலையில் கட்டாதீர்கள். அரிசியைப் பற்றிப் பேசும்போது மாண்டலே எதற்கு? நெல் விளையும் கீழ்ப் பர்மா பியாப்போனில் எத்தனை ஏக்கர் என்று நீங்கள் சொல்லுங்கள், பிறகு நான் வருகிறேன்.