'நீடித்த துக்கக் கோளாறு' வேண்டாம், 'உறைதுயர்' பொருந்துமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நெருங்கியவர் இறந்தபின் துயரம் ஓயாமல் நீள்கிற மனநோயை ஆங்கிலத்தில் 'prolonged grief disorder' என்கிறார்கள். அதற்கு வைக்கும் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற தமிழ்ப் பெயரில் இரண்டு இடறல். திருநெல்வேலிப் பக்கம் 'கோளாறாப் போயிட்டு வா' என்றால் 'கவனமாக' என்று பொருள். வீட்டார் காதில் அது நோயாக விழாது. அதைவிடப் பெரிய இடறல் 'நீடித்த'. எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலான ஐசிடி-11, இறப்புக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5-க்கு 2022-இல் வந்த திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம், சிறுவர்களுக்கு 6 மாதம் என்கிறது. கணவர் போய் எட்டு மாதமான பெண்ணுக்கு ஒரு நூலின்படி நோய் இருக்கலாம், மற்றதன்படி இருக்கவே முடியாது. மாறுகிற கணக்கின்மேல் பெயரைக் கட்டக் கூடாது. குறியின்மேல் கட்டுவோம்: போனவர்மேல் ஓயாத ஏக்கம், அல்லது அவர் நினைப்பே கதி என்று இருப்பது.

> 'ஆறாத்துயர்' எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலேயே அந்தச் சொல் வந்துவிடுகிறது. நோய்ப்பெயராக்கினால் துட்டி (சாவு) வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் நோயாளிகள் ஆவார்கள்.

'உறைதுயர்' வினைத்தொகை. உறைதல் தங்குவதும் ஆகும், கட்டிப்போவதும் ஆகும். வல்லினம் மிகாது, 'உறைத்துயர்' என்று எழுதிவிடக் கூடாது.

> மனச்சோர்வு என்றே சொன்னால் என்ன?

சிகிச்சை தவறிப்போகும். அந்தக் கையேட்டின் முந்தைய பதிப்பான டிஎஸ்எம்-4 சாவுக்குப் பின் இரண்டு மாதம்வரை பெரும்பாலும் மனச்சோர்வு என்று குறிக்க விடவில்லை. 2013-இல் டிஎஸ்எம்-5 வந்தபோது அந்த விலக்கு எடுக்கப்பட்டது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரம் இருந்தால், பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு மாத்திரை எழுத வழி உண்டு. மனச்சோர்வில் எதிலுமே பிடிப்பு இருக்காது. உறைதுயரில் மனம் ஒரே ஆளைச் சுற்றும். மனச்சோர்வு மாத்திரை சோர்வைக் குறைக்கலாம், ஏக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்கென வகுத்த பேச்சுச் சிகிச்சை உண்டு, வாரம் ஒன்றாகப் பதினாறு அமர்வு.

உறைதுயரா என்று பார்க்கும்போது முதலில் இறந்த தேதியைக் குறிக்க வேண்டும். 'போன ஆடிக்கு முந்தின ஆடி' என்றால் நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்க்கவும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுக்கையில் உடைந்து அழுவது நோய்க்குறி அல்ல. கடந்த ஒரு மாதமாக ஏறக்குறைய தினமும் இருக்கிறதா என்றுதான் டிஎஸ்எம் கேட்கிறது. படத்துக்கு விளக்கேற்றுவதும், வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடாததும் ஊர் வழக்கம். வழக்கத்தை மீறியிருந்தால்தான் கணக்கில் வரும்.

நோயைக் கண்டறியக் கேட்கும் கேள்வித்தாளில் 'ஏக்கம் உள்ளதா?' என்பதைவிட 'அவரை நினைச்சு ஏங்கிப் போறீங்களா?' என்று போடலாம். 'பிள்ளை ஏங்கிப் போச்சு' என்று வீட்டில் சொல்கிற சொல்தானே. உங்கள் கருத்து என்ன, அண்ணாச்சி?